தோளில் அரை அங்குலம்

கோர்ட் படியேறும்போதே டெய்லரின் கையை அவருடைய வக்கீல் பிடித்து நிறுத்தினார். "ஒரே விஷயம்தான் அண்ணே. கடை பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கு, அதனாலதான் ஆளுங்க வர்றாங்க. இதை மட்டும் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடக் கடை. சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இடம் போவதால் வியாபாரம் எவ்வளவு படுக்கும் என்று பார்த்துத்தான் கோர்ட் நஷ்ட ஈடு தரும். கிடைத்தால் மெயின் ரோட்டிலேயே இன்னொரு கடை பிடிக்கலாம். இல்லாவிட்டால் சந்துக்குள் மூன்றாவது மாடி அறைதான் கதி.

டெய்லர் பவ்யமாகத் தலையாட்டினார். ஆனாலும் அளவு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் கூண்டில் ஏறினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் மிரட்டவில்லை, புகழ்ந்தார். "உங்க கைவேலையை ஊரே மெச்சுது. ஆனா பஸ் ஸ்டாப்புக்காகத்தான் வர்றாங்கன்னு மனுவுல இருக்கே, நிஜமா?"

டெய்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பஸ் ஸ்டாப்பா சார் காஜா எடுக்குது? என் கைக்காக வர்றாங்க! மலை உச்சியில கடை போட்டாலும் தேடி வருவாங்க. ஊர்ல பாதிப் பேர் இடுப்பு இந்த நோட்டுல இருக்கு!"

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சாட்சிக்கு வந்த மச்சான் தன் பங்குக்கு, "மாமா தைக்காத சட்டையை நான் தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

தீர்ப்பு வந்தது. வாடிக்கை ஆளோடு போகிறது, நோட்டு அக்குளோடு போகிறது, ஆகவே நஷ்டமில்லை. இரண்டு மெஷினையும் மேசையையும் மாடியேற்றும் கூலியைக் கட்டடக்காரர் கொடுத்தால் போதும்.

மூன்று வாரம் மாடிக்கு ஒரு ஈ காக்கை ஏறவில்லை. கடைசியில் மூச்சிரைக்க மச்சான் வந்தான், புதுச் சட்டையில். வலது தோள் அரை அங்குலம் இறங்கிக் கிடந்தது.

"எங்கடா தைச்ச?"

"பழைய கடையிலதான் மாமா. கட்டடக்காரர் மருமகன் வச்சிருக்கார். பஸ்ஸை விட்டு இறங்கினா கால் தானா அங்க போயிடுது."

டெய்லர் அந்தத் தோளை இழுத்துப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த நிமிடமே முகம் மலர்ந்தது. இவ்வளவு கேவலமாகத் தைத்தும் கூட்டம் அங்கேதான் போகிறதென்றால், காரணம் இடம்தானே? அப்பீலுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? "கழட்டுடா சட்டையை!" வக்கீலுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வக்கீல் அந்தச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோள் கோணலா இருக்குன்னு சொன்னீங்களே? கச்சிதமா இருக்கே."

"கோணலாத்தான் சார் இருந்துச்சு," என்றார் டெய்லர். மார்பு அவரையறியாமல் நிமிர்ந்தது. "பாக்கச் சகிக்கல. ராத்திரியே பிரிச்சுத் தைச்சுட்டேன்."