மூன்றாம் மாடியில் தங்கிவிட்ட தவக்காலம்

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டின் தவக்காலம், ஊரடங்கு காரணமாக, கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி வீட்டை விட்டு வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டது. வந்தது வழக்கம்போல விபூதிப் புதனன்று. போயிருக்க வேண்டியது நாற்பது நாள் நோன்பு முடிந்து உயிர்த்த ஞாயிறன்று. அதற்குள் நாட்டை மூடிவிட்டார்கள். பிறகு அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஆட்களை வெளியே விட்டபோதும், தவக்காலத்திடம் அடையாள அட்டை இல்லாதபடியால் அதற்கென்று ஒரு நாள் கிடைக்கவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர், ஆனால் அப்படியானவர்களுக்குப் படிவம் இல்லை என்று கையை விரித்தார்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற மரிஸ்டெல்லா டீச்சர், அவருடைய ஒரே மகள் ரொஷேல். ரொஷேலுக்கு வெள்ளவத்தையில் விமானச் சீட்டு விற்கும் ஒரு காரியாலயத்தில் வேலை. கனடாவுக்குச் சீட்டுப் போட வந்த லவன் என்ற சைவப் பெடியன் அவளைக் கண்ட பிறகு கனடாவுக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கு ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்று. லவனின் அம்மா சிவக்கொழுந்து பஞ்சாங்கம் பார்த்தார், டீச்சர் தேவாலயத்தில் தந்த பங்குக் கலண்டர் பார்த்தார். இரண்டு சமயத்துக்கும் ஆகாத நாட்களையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை. உயிர்ப்புக்கு அடுத்த சனி, சித்திரை வருஷத்துக்கும் பிறகு. மண்டபத்துக்கு முற்பணம்கூடக் கட்டியிருந்தார்கள்.

தேவாலயங்கள் பூட்டியிருந்ததால், தவக்காலத்தை முடித்துவைக்கும் உயிர்ப்பு இரவுப் பாஸ்குப் பூசை அந்த வருஷம் டீவியில்தான். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முதல், மணிகள் அடிக்கத் தொடங்கும் நேரம், டீச்சர் ரிமோட்டை எடுத்து டீவியை நிறுத்தினார். டீவியில் வருகிற பாஸ்கு பாஸ்கு இல்லை என்றார். ரொஷேல் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அம்மா எப்போதும் இப்படி ஏதாவது ஒரு சட்டம் பேசுகிறவர்தானே என்று போய்ப் படுத்தாள்.

காலையில் எழும்பிப் பார்த்தால் தவக்காலத்துக்கென்று புனிதர் சுரூபங்களை மூடிய ஊதாத் துணி அப்படியே இருந்தது. கழற்றினாள். பல் தீட்டிவிட்டு வருவதற்குள் திரும்பவும் மூடியிருந்தது. உயிர்ப்பு நாளுக்கென்று ஒளித்து வைத்திருந்த கோழியைக் கறியாக்கி மூடியைத் திறந்தபோது சட்டிக்குள் இருந்தது சாளை மீன். நல்ல மீனாக மாறியிருந்தாலும் பரவாயில்லை, முள்ளுச் சாளை. கேக்கை எடுத்தால் அது பாணாகியிருந்தது, அதுவும் முதல்நாள் பாண்.

ஏப்ரல் பதினெட்டும் போனது. மண்டபங்கள் திறந்து, தேவாலயங்கள் திறந்து, ஊரெல்லாம் தள்ளிப்போட்ட கல்யாணங்களை அவசர அவசரமாகக் கட்டி முடித்தபோது ரொஷேல் போய்ப் பங்குத் தந்தையைக் கண்டாள். அவர் நேரில் வந்து, படியேறிக் களைத்து, வீட்டுக்குள் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஓம், தவக்காலம்தான் என்று உறுதிப்படுத்தினார். தவக்காலத்தில் இந்தப் பங்கில் கல்யாணம் வைப்பதில்லை, அந்த வீட்டில் படுத்தெழும்புகிறவளுக்கு எங்கே போனாலும் தவக்காலம்தான் என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. வத்தளையில் சிநேகிதி வீட்டில் மூன்று நாள் தங்கிப் பார்த்தாள் ரொஷேல். இரண்டாம் நாளே வத்தளைக் கோழியும் சாளையாகிவிட, சிநேகிதி அவளை முகம் கோணாமல் பஸ் ஏற்றிவிட்டாள். பதிவுத் திருமணம் செய்வோம் என்று லவன் கேட்டுப் பார்த்தான். பதிவெல்லாம் காணிக்குத்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

கீழ்வீட்டில் கல்யாணங்களுக்குப் புரியாணி சமைத்துக் கொடுக்கும் ஸாலிஹ் நானா இருந்தார். அவர் வீட்டில் நோன்பு நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மேல்மாடிக்காரர்களுக்காக அவர் மெய்யாகவே கவலைப்பட்டார்.

"எங்கட நோன்பு பிறையக் கண்டா முடியும், டீச்சர். ஒங்கடதுக்குப் பிறை பாக்க ஆள் ஈக்கா?"

டீச்சர் கதவைச் சாத்தினார். ஸாலிஹ் நானாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. ஹலாலாக அறுத்த கோழி சாளையானால் அதைச் சாப்பிடலாமா என்று பள்ளிவாசலில் கேட்டார். சாளை எப்படி வந்தாலும் சாளைதான் என்று பதில் கிடைத்தது.

அடுத்த வருஷத்துத் தவக்காலம் நேரத்துக்கு வந்து, வீட்டில் ஏற்கெனவே ஆள் இருப்பதைக் கண்டு, நாற்பது நாளும் படிக்கட்டில் இருந்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் ஸாலிஹ் நானாவின் புரியாணிச் சட்டிகளை லிப்டில்தான் கொண்டுபோனார்கள். லிப்ட் வேலை செய்யாத நாட்களில் ஓடர் எடுக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் காஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோல் இல்லை, நாடே ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தவர்கள் மூன்றாம் மாடிக்கு வந்து இதை எப்படித் தாங்குகிறீர்கள் என்று யோசனை கேட்டுப் போனார்கள். பிறகு ஊருக்கு எல்லாம் திரும்பி வந்தது. மூன்றாம் மாடிக்கு மட்டும் வரவில்லை. நத்தாருக்குப் பாலன் குடில் வைத்தால் பாலனையும் ஊதாத் துணி மூடியது. ரொஷேலுக்கு முப்பத்தைந்து வயதானது. காரியாலயத்தில் அவளுக்குப் பிறகு சேர்ந்த பெட்டையள் மூன்று பேர் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, விடுமுறை முடிந்து திரும்பியும் வந்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளி பின்னேரம் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே அம்மா யாரோடோ கதைப்பது கேட்டது. யாரும் இல்லை. டீச்சர் சுரூபங்களுக்கு முன்னால் இருந்து, இன்னும் கொஞ்ச நாள் இரு, அவசரப்படாதே என்று தவக்காலத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ரொஷேலுக்கு அந்த ரிமோட் ஞாபகம் வந்தது. உடம்பு முழுக்கக் கோபம் ஏறியது. ஆறு வருஷம்! செருப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு டீவியை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

டீச்சர் நாற்பது வருஷம் ஞானோபதேசம் படிப்பித்தவர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

"அது போனால் நீயும் போயிடுவாய். பிறகு நான் ஆரோட இருக்கிறது, பிள்ளை?"

ரொஷேலுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அம்மாவின் பின்கழுத்தில் நரைமயிர் வியர்வையில் ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தாள், செருப்பைக் கீழே வைத்தாள். அன்றைக்கு இருவரும் சாளைச் சொதியும் பாணும் சாப்பிட்டுப் படுத்தார்கள். கோபம் போகவில்லை, ஆனால் அதை முழுதாக வைத்திருக்கவும் அவளால் முடியவில்லை.

லவனுக்கு நாற்பது வயது பிறந்த வாரம் சிவக்கொழுந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அதுவரைக்கும் அவர் அந்த வீட்டைத் துடக்கு வீடாக நினைத்துத் தள்ளியே நின்றவர். ஆடி மாதம் என்றாலும் ஒரு மாதத்தில் போய்விடும், மார்கழியும் போய்விடும், இவர்களுடைய இது என்ன போகவே போகாத மாதம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர். அன்று பால் விடாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்ல நாள் பாராமல் ஊசியில் நூல்கூடக் கோக்காத அந்த மனுஷி, குசினிக் கதவில் தொங்கிய பங்குக் கலண்டரைக் கழற்றி மடியில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுபோலவே விரலால் ஒவ்வொரு நாளாகத் தடவிக்கொண்டு போனவர் மார்ச் பதினைந்தில் நின்றார்.

"மற்றதெல்லாம் ஊதா. இது மட்டும் ஏன் றோஸ்?"

தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு அது. அன்று மட்டும் குருவானவர் றோசா நிற உடுப்புப் போடலாம், பீடத்தில் பூ வைக்கலாம், ஓர்கன் வாசிக்கலாம், அகமகிழ்ந்திரு என்று பூசை தொடங்கும். டீச்சர் இதை ஆயிரம் பிள்ளைகளுக்காவது சொல்லிக் கொடுத்திருப்பார். இப்போதும் வாய் தன்பாட்டுக்குச் சொல்லி முடித்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

"அப்ப இதுதான் முகூர்த்தம்" என்று சிவக்கொழுந்து கண்ணாடியைக் கழற்றினார்.

தவக்காலத்துக்குள்ளே கல்யாணத்துக்கு நாள் தேடலாம் என்று ஆறு வருஷத்தில் ஒரு கத்தோலிக்கருக்கும் தோன்றவில்லை. தோன்றாது, அப்படி வளர்த்திருக்கிறார்கள். பங்குத் தந்தை புத்தகங்களைப் புரட்டினார், மேலிடத்துக்கு எழுதினார், தடுக்க ஒரு வரியும் கிடைக்காமல் ஓம் என்றார். டீச்சர் மூன்று நாள் அலுமாரிப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் அலுமாரியைத் திறந்து மகளின் கல்யாணச் சேலையை வெயிலில் போட்டார். அதுவும் ஆறு வருஷத்தில் ஊதாவாகிவிட்டிருந்தது. மார்ச் பதினைந்தாம் தேதி காலையில் எடுத்து விரித்தபோது றோசாவாக இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. குருவானவரின் றோசா உடுப்பு வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே வருவதால் அந்துருண்டை மணத்தது. ஸாலிஹ் நானா கோழிப் புரியாணிதான் சமைத்தார். கல்யாணப் பொம்பிளை மண்டபத்துக்குள் வந்ததும் இருநூறு பேருக்கான கோழியும் சாளையானது. சாப்பிட்டவர்கள் குறை சொல்லவில்லை. இப்போது சாளைப் புரியாணிக்கென்றே அவருக்கு நீர்கொழும்பிலிருந்தும் ஓடர் வருகிறது.

பின்னேரம் பொம்பிளையை ஏற்றிய காரின் பின்சீற்றில், ரொஷேலுக்கும் சூட்கேசுக்கும் நடுவில், தவக்காலமும் ஏறிக்கொண்டது. டீச்சர் அதைக் கண்டார். கண்டும், மகளோடு ஒன்றாவது போகட்டும் என்று விட்டார். வீட்டுக்கு வந்து, மிஞ்சியதென்று ஸாலிஹ் நானா கட்டித் தந்த பார்சலைத் திறந்தார். கோழிக்கால். சுரூபங்களெல்லாம் முகம் திறந்து நின்றன. ஊரில் தவக்காலம் பாதிதான் போயிருந்தது, அந்த வீட்டில் மட்டும் பாஸ்கு வந்துவிட்டது. தவக்காலத்தில் சொல்லக்கூடாத, ஆறு வருஷமாக வாயில் வராத அல்லேலூயாவைச் சொல்லிப் பார்த்தார், வந்தது. யாருமில்லாத வீட்டில் அதைச் சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார், பிறகு பசித்ததால் சாப்பிட்டார்.

வெள்ளவத்தையில், லவனின் வீட்டில், தவக்காலம் வந்திருப்பது மூன்று கிழமையாக யாருக்கும் தெரியாது. மச்சம் புழங்காத வீடு, செவ்வாய் வெள்ளி விரதம், அதற்கு அங்கே செய்வதற்கு வேலை இல்லை. லவன் களவாக வாங்கி வந்த சிக்கன் கொத்து ரொட்டி மேசையில் சாளையாக நாறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சிவக்கொழுந்து மகனைத்தான் ஏசினார், தவக்காலத்தை ஒன்றும் சொல்லவில்லை. தெற்குப் பக்க அறையை ஒழித்துக் கொடுத்தார்.

டீச்சருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு பஸ், புறக்கோட்டையில் இன்னொரு பஸ் ஏறி வந்து, தவக்காலத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகட்டோ என்று சம்பந்தியிடம் கேட்டார்.

"அது இஞ்சயே இருக்கட்டும். நீங்கள் வாங்கோ" என்றார் சிவக்கொழுந்து.

அன்றிலிருந்து டீச்சர் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதைப் புத்தகத்தோடு வருகிறார். சிலுவைப்பாதையின் பதினான்கு தலத்துக்கும் சிவக்கொழுந்து கூடவே எழும்பி நின்று திரும்ப இருக்கிறார், முழங்கால் நோவுக்கு நல்லது என்கிறார். விரதச் சோறு சாப்பிட்டு, வேலையால் வரும் ரொஷேலைக் கண்டு, அவளுக்குச் சாப்பிடச் சொல்லி இரண்டு ஏச்சும் ஏசிவிட்டுத்தான் டீச்சர் பஸ் ஏறுகிறார். அவர் வருவாரென்று வெள்ளிக்கிழமைகளில் காலையிலிருந்தே கேற் திறந்து கிடக்கும். இப்படித் திறந்து போட்டால் தவக்காலம் போய்விடாதா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். போகிறதென்றால் போகட்டும், அதை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்றார் டீச்சர். அது இன்னும் போகவில்லை.