குர்சி போட்ட நாள்

தூய்செர்கானில் அக்ரூட் உலுக்கி முடிந்த மறுவாரமே மாஹ்ருக் வீட்டில் குர்சி போட்டுவிடுவாள். மற்ற வீட்டுக்காரர்கள் இன்னும் மூன்று வாரம் பொறுப்பார்கள். மாஹ்ருக்குக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. குளிர் வாசலில் வந்து நிற்பதற்குள் அவள் தயாராகிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷமே அவளுக்குத் தோற்றுப்போன மாதிரி. குர்சி என்றால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரமேசை, அதற்கு அடியில் கரிக்கணப்பு, மேலே நாலு பக்கமும் தரையில் புரளும்படி கனத்த பஞ்சுப் போர்வை, சுற்றிலும் சாய்ந்துகொள்ளத் திண்டு. போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாருக்கும் எழுந்திருக்க மனசு வராது.

அந்த முதல் நாளுக்குத் தம்பி பெஹ்ரூஸ் ஹமதானிலிருந்து வந்தே ஆகவேண்டும். தாய் தகப்பன் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். புருஷனும் போய், பிள்ளைகுட்டியும் இல்லாமல், உலகத்தில் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன். இந்த வருஷம் அவன் மனைவி தஹ்மினேயும் எட்டு மாதக் குழந்தை பரஸ்தூவும் கூட வந்திருந்தார்கள்.

தஹ்மினேக்கு வர இஷ்டமே இல்லை. போன வருஷம் இதே அறையில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவளுக்கு 'மெழுகு பொம்மை' என்றே பேராகிவிட்டது. ரொட்டி சுடுகிறவன் வரைக்கும் அந்தக் கதை போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது பெஹ்ரூஸ் கெஞ்சாத குறையாகச் சொன்னான், இந்தத் தடவை வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிவிடாதே, ரெண்டே நாள், அக்கா மனசு நோகக்கூடாது என்று. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவதென்று முடிவு செய்துகொண்டாள்.

மாஹ்ருக்கையும் குறை சொல்லிவிட முடியாது. வந்தவர்களைக் கொண்டாடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பச்சை அக்ரூட் தோல் உரித்து உரித்து விரலெல்லாம் மைக்கூட்டில் விட்டது போலக் கறுத்திருந்தது. அந்தக் கையாலேயே விடியற்காலையில் கோதுமைப் பசை காய்ச்சி, ஜன்னல் இடுக்கு ஒன்று விடாமல் செய்தித்தாளை ஒட்டி முடித்திருந்தாள். பீட்ரூட் அவிந்துகொண்டிருந்தது. ஒரு தாம்பாளம் நிறைய மாதுளை முத்து உதிர்த்து வைத்திருந்தாள்.

கணப்பு விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் நம்பமாட்டாள். கரித்தூள் உருண்டைகளை முற்றத்தில் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். நீல ஜுவாலை அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கிற வரைக்கும் சட்டி நிலைவாசலைத் தாண்டக்கூடாது. அது அவள் சட்டம். அன்றைக்கு என்ன கெட்ட நேரமோ, உருண்டைகள் பாதி கனிந்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பெஹ்ரூஸ் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். மாஹ்ருக் குனிந்து பார்த்தாள். நீலம் இன்னும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி நனைந்து நடுங்குவதையும் பார்த்தாள். ரெண்டு கை சாம்பலை அள்ளி மேலே போட்டு, "போதும், அடங்கிடுச்சு" என்றாள். சட்டியை மேசைக்கு அடியில் தள்ளிப் போர்வையை இழுத்துவிட்டாள். அந்த வாசலை முப்பது வருஷமாகக் காத்தவள், தம்பி நனைகிறானே என்று ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

பிறகு எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவர் முனகிக்கொண்டிருக்க, ஆளுக்கொரு பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பரஸ்தூவை நாலாவது பக்கத்தில் திண்டில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். ரேடியோவில் மத்தியானம் ரெண்டு மணி நாடகம் ஆரம்பித்தது. சர்க்கரைக் கட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தேநீரை உறிஞ்சியபடி, பெஹ்ரூஸ் சின்ன வயதில் மேட்டு வீட்டு அக்ரூட் மரத்தில் மாட்டிக்கொண்ட கதையை மாஹ்ருக் சொன்னாள். தஹ்மினே நிஜமாகவே சிரித்தாள்.

நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. இதோ சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மாஹ்ருக், "என்ன மகராசி, இந்த வருஷம் ஜன்னல் ஞாபகம் வரலையா?" என்று கேட்டாள். அவள் பிரியமாகத்தான் கேட்டாள். பெஹ்ரூஸ் பயந்துபோய் மனைவியின் முகத்தைப் பார்த்தான். தஹ்மினே, "இல்லைங்க அண்ணி, நல்லா கதகதன்னு இருக்கு" என்றாள்.

சொன்னது சொன்னதுதான். ரெண்டாவது தேநீரில் வாயெல்லாம் கசந்தது. மாதுளையை எடுத்தால் கை தாம்பாளத்தில் சரியாகப் போய்ச் சேரவில்லை. பஸ் அலுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாஹ்ருக் பல்வலி என்று போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு சரிந்துவிட்டாள். சரிகிறதுக்கு முன்னால் குழந்தையைக் காட்டி, "கன்னத்தைப் பாருடி, ரோஜா மாதிரி. உங்க ஊர் ஹீட்டர் இந்த நிறம் கொடுக்குமா? கண்ணு பட்டுடப்போவுது" என்றாள். நிஜமாகவே குழந்தையின் கன்னமும் உதடும் செக்கச்செவேலென்று இருந்தன. அதைப் பார்த்துத் தஹ்மினேக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெஹ்ரூஸின் தலை திண்டில் சாய்ந்துவிட்டது. நாடகம் முடிந்து செய்தியும் முடிந்து ஏதோ பாட்டு ஓடியது. ரேடியோவை அணைக்க யாரும் கையை நீட்டவில்லை.

குமட்டல் தாங்காமல்தான் தஹ்மினே எழுந்தாள். எழுந்திருக்கவே ரெண்டு தடவை முயற்சி செய்யவேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் மழையில் நின்று வாந்தியெடுத்தாள். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. பத்து மூச்சு இழுப்பதற்குள் தலையில் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டாற்போல இருந்தது. வெளியே வந்தால் வலி போகிறது, உள்ளே இருந்தால் வருகிறது. அது என்னவென்று அந்த ஊர்ப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரி பிடித்துக்கொண்டது, சரியாகக் கனியாத கணப்பின் விஷக்காற்று.

கதவைக் காலால் உதைத்துத் திறந்து முதலில் குழந்தையை அள்ளினாள். தலை அவள் தோளில் நிற்காமல் பின்னால் தொங்கியது. முற்றத்தில் அக்ரூட் சாக்கின் மேல் கிடத்திவிட்டு மறுபடி ஓடினாள். போர்வையைக் கிழித்தெறிகிற மாதிரி இழுத்துப் போட்டாள். புருஷனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்தாள், அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. மாஹ்ருக்கை வாசற்படி வரைக்கும்தான் கொண்டுவர முடிந்தது. அவள் கன்னத்தில் ஓங்கி ரெண்டு அறை அறைந்தாள். மாஹ்ருக் முனகினாள். பெஹ்ரூஸ் தவழ்ந்து எழுந்து வாந்தியெடுத்தான். பரஸ்தூ மட்டும் அழவில்லை. மழை முகத்தில் விழுந்தும் அழவில்லை. வெகுநேரம் கழித்து, பூனைக்குட்டி போல ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியெடுத்தார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளவயதுக்காரர், வெளியூர். குழந்தையின் கண்ணை விரித்து விளக்கடித்துப் பார்த்தார், உள்ளங்காலில் சுண்டினார். குழந்தை விழித்திருந்தாள், ஆனால் யார் முகத்திலும் பார்வையை நிறுத்தவில்லை.

வழியெல்லாம் மாஹ்ருக் அழுதுகொண்டே வந்தாள். இப்போது தஹ்மினேயின் கையைப் பிடித்துக் கறுத்த விரலால் தடவித் தடவி முத்தம் கொடுத்தாள். நான்தான் பாவி, என் வீட்டைக் காப்பாற்ற வந்த தெய்வம் இவள் என்று அங்கே கட்டுப்போட வந்திருந்தவனிடம்கூடச் சொன்னாள். கல்யாணமான ஆறு வருஷமாகத் தஹ்மினே ஏங்கியது இந்த ஒரு பிரியத்துக்குத்தான். கிடைத்துவிட்டது.

டாக்டர் காகிதத்தை எடுத்தார். "எவ்வளவு நேரம் உள்ளே இருந்துச்சு? சரியா சொல்லுங்க. கொஞ்ச நேரம்னா ராத்திரி இங்கேயே வெச்சுப் பார்த்துட்டு அனுப்பிடலாம். ரொம்ப நேரம்னா இப்பவே ஹமதானுக்குக் கொண்டுபோகணும். ஆக்ஸிஜன் அங்கேதான் வெச்சிருக்காங்க."

"கால் மணி கூட இருக்காது டாக்டர்," என்றான் பெஹ்ரூஸ். "நாங்க தூங்கிட்டோம். இவளுக்குத் தலை வலிச்ச உடனே தூக்கிட்டு ஓடிவந்துட்டா."

மாஹ்ருக் ஆமாம் ஆமாமென்று தலையாட்டினாள். டாக்டர் எழுத ஆரம்பித்தார். தஹ்மினே அந்தப் பேனாவைப் பார்த்தாள். நாத்தனாரின் கை இன்னும் அவள் கையை விடவில்லை. அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"ஒன்றரை மணி நேரம்," என்றாள். "ரெண்டு மணி நாடகம் ஆரம்பிச்சப்பவே எனக்குத் தலை வலிச்சுது. நான் சொல்லலை."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, வண்டியைத் தயார் பண்ணச் சொல்லிக் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். பெஹ்ரூஸ் குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.