அம்புக்குறி காட்டும் கல்லறை

1

இந்தக் கதை ஒரு பலகையிலிருந்து பிறந்தது: 'அஞ்சலிப் பொருட்களை அகற்றக் கூடாது.' எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு கல்லறை முன்பு நட்டிருக்கிறார்கள். பார்த்த ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தேன்.

மேட்டுத் தரிசில் காற்று ஊளையிட, அந்த இளம்பெண்ணின் கல்லறை மீது...

(அடித்துவிட்டேன். உள்ளே இருப்பது இளம்பெண் அல்ல. இந்தப் பொய்யைத்தான் ஊரே கோப்பையிலும் துணிப்பையிலும் அச்சடித்து விற்கிறது.)

2

முன்னொரு காலத்தில் இங்கே ஒருத்தி நாவல் எழுதினாள். அதன் நாயகி பனியில் விறைத்துச் சாவாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பாதிப் பெண் குழந்தைகளுக்கு நாயகியின் பெயர்தான். ஊர்க்காரப் பெண்மணி பெரில் ஹோல்டனின் அம்மாவுக்கும் அதே பெயர். கம்பளி ஆலையில் உழைத்தவர்; அந்தக் கல்லறை அவருடையது. கல்லில் மேலே பெயர், கீழே பிறந்து இறந்த ஆண்டு. பெயரைக் கண்டதும் பயணிகள் பூவைக் குவிக்கிறார்கள். பூ ஆண்டை மறைத்துவிடுகிறது.

பெரில் தினமும் பூவை ஒதுக்கி வைப்பார். அதைத் தடுக்கத்தான் சுற்றுலா அலுவலகம் பலகை நட்டது. போதாதென்று சாலையில் ஓர் அம்புக்குறி.

3

சுற்றுலா அலுவலகத்துக்கு பெரிலோடு நானும் போனேன். அங்கே அதிகாரி ரூபர்ட் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வர்றவங்களுக்கு அழ ஒரு இடம் வேணும்லங்க?"

"புஸ்தகத்த வச்சுக்கிட்டு அழட்டும். எங்கம்மா நெஞ்சு மேல ஏறி எதுக்குடா அழணும்?"

"ஒரு மரியாதைதானே..."

"அந்தப் பொண்ணு பனியில செத்தா. எங்கம்மா எழுபத்தொண்ணு வயசுல, டிவியில குதிரைப் பந்தயம் பாத்துக்கிட்டே போனாங்க. அவங்க பணம் கட்டுன குதிரை ஜெயிச்சுச்சு, தெரியுமா? அதச் சொல்லுமா உன் அம்புக்குறி?"

(ரூபர்ட்டுக்கும் ஒரு நியாயம் எழுதிப் பார்த்தேன். நாலு வரி. நாலும் பொய்.)

4

முதல் முடிவு: யாரோ அம்புக்குறியைப் பொதுக் கழிப்பறைப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். பயணிகள் அங்கே பூ வைக்கிறார்கள்.

படித்துக் காட்டியபோது பெரில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"இதப் படிச்சுட்டு இன்னும் எத்தன பேரு வருவாங்க? நீயும் எங்கம்மாவக் கதையாக்கிட்டியாப்பா?"

இரண்டாம் முடிவை எழுதவில்லை. அந்த அம்மாவின் பெயரை எல்லா இடத்திலும் அடித்துவிட்டேன். ஊர்ப் பெயரையும்.

5

இருந்தாலும் கண்டுபிடித்து வருவீர்கள். கையில் பூவும் இருக்கும். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கும். அதை விலக்குங்கள், பலகை என்ன சொன்னாலும். ஆண்டைப் படியுங்கள்.

அதன்பின் உங்கள் பூவை எங்கே வைப்பீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை.