முட்டி கொடுத்து மூடிய பெட்டி

கோவிலம்பாக்கத்துப் புது ஃப்ளாட்டில், செருப்பு அலமாரிக்கு இடம் வேண்டும் என்று வீட்டுக்காரர் சுகுமார், வீட்டு வயரெல்லாம் வந்து சேரும் டிபி பெட்டியைக் கடைசி நேரத்தில் ஒரு முழம் மேலே ஏற்றச் சொல்லிவிட்டார். வயர்கள் எட்டவில்லை. பதினாலு வயரையும் ஜாயின்ட் போட்டு நீட்டினான் ஜெபின். குளச்சலிலிருந்து இந்த வயரிங் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். ஜாயின்ட்டும் டேப்புமாகப் பெட்டி பிதுங்கியது, மூடி உட்காரவில்லை.

“உள்ள எடம் இல்லண்ணே. பெரிய பெட்டி வைக்கணும்.”

“செவுத்த திரும்ப ஒடைக்கவா? காலைல பால் காய்ச்சறாங்க,” என்றார் கான்ட்ராக்டர் சாம்பசிவன். “இன்னா பார்த்துகினு கீற? முட்டிய குட்து அமுக்கு. ஸ்க்ரூவ நான் போடறேன்.”

அமுக்கினான். மூடிய பெட்டியைப் போட்டோ எடுத்து ஊரிலிருக்கும் அக்கா கிறிஸ்டிக்கு அனுப்பினான். ‘தம்பி செஞ்ச வேலை’ என்று அவள் ஸ்டேட்டஸ் வைத்தாள். ராத்திரி படுத்த பிறகும் அவனுக்கு மூடி திமிறியது முட்டியிலேயே இருந்தது.

மறுநாள் காலையில், கோளாறு வந்தால் பார்க்க என்று சாம்பசிவன் அவனையும் கூட்டிவந்தார். கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் பால். மூன்று ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். ஜெபின் அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. லேசாகக் கருகல் வாடை.

“அண்ணே, சுடுது. மெயின ஆஃப் பண்ணணும்.”

“பால் பொங்கட்டும்டா.” சாம்பசிவன் பல்லைக் கடித்தார். “இப்ப கைய வெச்ச, நாளைக்கு வேலைக்கு வராத.”

பால் ஓரத்தில் நுரை கட்டியது. அடுப்பைச் சுற்றிக் குழந்தைகள். ஜெபின் கீழே மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை இறக்கினான்.

மேலே வந்தபோது நுரை அடங்கியிருந்தது.

“நல்ல நாள் அதுவுமா இப்டி பண்ணிட்டியேப்பா.” சுகுமாரின் மனைவி சத்யபிரியா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபின் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் மூடி தானாகவே துள்ளித் திறந்தது. உள்ளே இரண்டு ஜாயின்ட் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“இது யார் பண்ண வேலை?” என்றார் சுகுமார்.

சாம்பசிவன் முந்திக்கொண்டார். “புதுப் பையன் சார். நானே மாத்திக் குட்துடறேன்.”

“நான்தான் சார்,” என்றான் ஜெபின்.

பல்லாவரம் பஸ்ஸுக்காக நிற்கையில் கிறிஸ்டியின் செய்தி வந்தது: ‘பால் பொங்கிச்சா மக்கா?’

“பொங்கிச்சுக்கா,” என்று, பேசினால் எழுதிக்கொள்ளும் போனிடம் சொன்னான். ரோட்டுச் சத்தத்தில் எழுத்து விழவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக இன்னொரு முறை சொன்னான்.