லைசென்சு மாறிய ரேடியோ

எழுபத்தாறாம் வருஷம் நினைத்தபடி பாட்டு வைத்துவிட முடியாது, கண்ணுகளா. வீட்டில் ரேடியோ இருந்தால் அதற்கு லைசென்சு வேண்டும். வருஷாவருஷம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். எந்த ரேடியோ என்று அதன் நம்பரையும் லைசென்சில் எழுதிவிடுவார்கள்.

போடி பக்கம் சிலமலையில் வேலுச்சாமியும் அவன் தம்பி கன்னையனும் பாகம் பிரிந்து, வீட்டுக்குக் குறுக்கே சுவர் வைத்தார்கள். ரேடியோ தம்பி பங்குக்குப் போனது. லைசென்சு அண்ணன் பேரில் இருந்ததால் அவனிடமே தங்கிவிட்டது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

நினைத்தவள் வேலுச்சாமியின் மனைவி சுருளியம்மாள் ஒருத்திதான். போடி வியாபாரி கொடுத்தனுப்பும் ஏலக்காயைப் பச்சை வேறு, வெளிறியது வேறாகப் பொறுக்கித் தருவது அந்தத் தெருப் பெண்களின் சோலி. சாயங்காலமானால் அவரவர் சாக்கோடு கன்னையன் மனைவி மொக்கம்மாள் வீட்டில் கூடிவிடுவார்கள். பாட்டும் சிரிப்புமாகக் கிடக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் தன் காயைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருக்கும் சுருளியம்மாளுக்கு வயிறு எரியும்.

வேலுச்சாமியை நச்சரித்துப் புது டிரான்சிஸ்டர் வாங்க வைத்தாள்.

"ஏங்க, லைசென்சு நம்மகிட்டதான இருக்கு? பழைய நம்பரை அடிச்சுட்டு இதோட நம்பரை எழுதி வாங்கிட்டு வாங்க."

"அப்ப தம்பி வீட்டு ரேடியோ?"

"அவுக புதுசா எடுத்துக்கிரட்டும். நாமளா வேண்டாங்கிறோம்?"

கன்னையன் போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலையாகக் கிடந்தான். அவன் எப்போது இறங்கி வந்து லைசென்சு எடுக்கப்போகிறான்? அது தெரிந்துதான் சொன்னாள்.

நம்பர் மாறி வந்ததும் தெருவில் நின்று அறிவித்தாள். "இனி அந்த ரேடியோ பாடுச்சுன்னா புடிச்சுட்டுப் போயிருவாக. நம்ம வீட்டுக்கு வாங்கடி."

வந்தார்கள். ராமுத்தாய் சுவரில் சாய்ந்தாள். "வெள்ளையடிச்ச சுவரு ஆத்தா, தள்ளி உக்காரு," என்றாள் சுருளியம்மாள். ஒச்சம்மாள் பாட்டோடு சேர்ந்து பாடினாள். "நீ பாடுறதுக்கா லைசென்சு வாங்கி வச்சிருக்கு?"

மறுநாள் ஒருத்தியும் வரவில்லை.

மொக்கம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சுருளியம்மாள் போய்த் தட்டினாள். உள்ளே பாட்டும் பேச்சும் சட்டென்று அடங்கின. கதவு திறந்தபோது எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பெரிய கூடை கவிழ்ந்திருந்தது.

"ரேடியோ பாடுன மாதிரி இருந்துச்சே?"

"லைசென்சு இல்லாத வீட்டுல ஏதுக்கா ரேடியோ?" என்றாள் மொக்கம்மாள். "ஒங்க வீட்டுதுதான் ஊருக்கே கேக்குதே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சுருளியம்மாளும் உட்கார்ந்து ஒரு கை காயை அள்ளிப் பொறுக்கினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டி. வைங்க."

"எதைக்கா வைக்க?" என்றாள் ராமுத்தாய், கையிலிருந்த காயைப் பார்த்தபடியே.

இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

தன் வீட்டுக்குள் கால் வைத்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் மெல்லிசாகப் பாட்டு கிளம்பியது. தன்னுடைய டிரான்சிஸ்டர் போட்ட சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. அதை நிறுத்தினாள். வெள்ளையடித்த சுவரில் காதை ஒட்டவைத்தாள். அதே நிலையம், அதே பாட்டுத்தான். ஒச்சம்மாள் கூடவே பாடினாள். மொக்கம்மாள் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

வேலுச்சாமி வந்து பார்த்தான். "புது ரேடியோவை ஏன் அமத்திப்புட்ட?"

"பேசாம இருங்க," என்றாள் சுருளியம்மாள். "பாட்டுக் கேக்க விடுங்க."