கூரைக்குப் போன பேனர்

தண்ணீர் லாரி ஒரு நாள் தாமதமானால் வாட்ஸ்அப் குழுவில் ரத்தக்களறி நடக்கும் மேடவாக்கத்து அடுக்ககம் அது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் ஆளுக்கொரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள் என்றால், அது மிருதுளாவின் சாமர்த்தியம்தான். ஏ.எல்.எஸ். என்ற நோய்க்கு விழிப்புணர்வாம். தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டு, அடுத்து மூன்று பேரை வம்புக்கு இழுக்க வேண்டும்.

மிருதுளா அசோசியேஷன் செயலாளர். எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. டி-ஷர்ட் அடித்தாள், ட்ரோன் வரவழைத்தாள், வாசல் அகலத்துக்கு ஆங்கிலத்தில் பேனர் அடித்து மேலே தொங்கவிட்டாள். பேனரின் கீழே பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. கடைக்காரன் நெட்டிலிருந்து எடுத்துப் போட்டது. அசோசியேஷன் பெயரும் தன் பெயரும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டாள். ஏதோ நரம்புக் கோளாறு என்று தெரியும். அவ்வளவு போதாதா என்ன?

வீடியோ இரண்டு லட்சம் பேரைத் தொட்டது. ஆனால் தொட்டது நோயினால் அல்ல, வாட்ச்மேன் லோகநாதனால். வாசலில் வாளி தூக்கிவந்த அவர் கையிலிருந்து அது நழுவி, அசோசியேஷன் தலைவர் சத்யநாராயணன் காலிலேயே விழுந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிருதுளாவும் சிரித்தாள்; சிரித்ததோடு நிற்காமல் அந்தத் துண்டை வெட்டி வீடியோவின் முதலில் ஒட்டினாள். 'அண்ணன் காலையிலேயே ஏத்திக்கினாரு' என்று யாரோ எழுதியதற்கு மட்டும் ஆயிரக்கணக்கில் லைக்.

வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே குழுவில் புகார் தொடங்கியது. லோகநாதன் பேச்சு குழறுகிறது, நடக்கையில் தடுமாறுகிறார், கேட் தாழ்ப்பாளைத் தள்ளவே திணறுகிறார். சந்தேகமில்லை, குடிதான்.

"குடிக்கலம்மா. கைதான் நிக்க மாட்டேங்குது," என்றார் அவர், குழறிய நாக்கோடு. அந்தக் குழறலே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். பக்கத்தில் போய் மூக்கால் விசாரித்திருந்தாலே போதும், ஒருவரும் போகவில்லை. பதினோரு வருடம் அந்த வாசலில் நின்ற மனிதரை நீக்கும் கடிதத்தில் மிருதுளா கையெழுத்திட்டாள். போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான். முடிச்சூர் வீட்டில் கூரை ஒழுகுகிறது, அந்தப் பழைய பேனர் கிடைக்குமா? தாராளமாகக் கொடுத்தாள். நல்லது செய்த திருப்தி வேறு.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, லோகநாதனின் மனைவி அஞ்சம்மாள் மிருதுளாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு ஃபைல், கக்கத்தில் சுருட்டிய பேனர். வேலை கேட்டு அழப்போகிறாள் என்று மிருதுளா முகத்தைத் தயார் செய்துகொண்டாள்.

"வேலைக்கு வரல மேடம்," என்றாள் அஞ்சம்மாள். "பெரியாஸ்பத்திரியில எல்லா டெஸ்டும் எடுத்து, இத்த எழுதிக் குடுத்தாங்கோ."

ஃபைலை வாங்கிப் பார்த்த மிருதுளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏ.எல்.எஸ்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா தெனம் படுத்துக்கினு அண்ணாந்து பாக்கற எழுத்தாச்சே, இந்த ஃபைலுலயும் அச்சு அப்படியே கீதேன்னு கூரைல இருந்து இத்தப் பிரிச்சு எடுத்தாந்தேன்." உள்ளே வந்து நடுக்கூடத்தில் பேனரை விரித்தாள். வெயிலில் வெளுத்து, ஓரங்களில் கம்பி கட்டிய ஓட்டைகளோடு கிடந்தது. "டாக்டரு இன்னாமோ சொன்னாரு, எனக்கு வெளங்கல. நீங்கல்லாம் இதுக்காவ தண்ணி ஊத்திக்கினீங்க. உங்களுக்குத் தெரியாததா? கீழ பொடுசா எழுதிக்கீது பாரு, அத்தப் படிச்சு சொல்லும்மா."

மிருதுளா குனிந்தாள். தன் பெயருக்கு இரண்டு அங்குலம் கீழேதான் அந்த நாலு வரி இருந்தது. அதை முதல்முறையாகப் படித்தாள்.

"சொல்லும்மா."

"முதல்ல... கைப்பிடி தளரும்," என்றாள் மிருதுளா. "சாமான் நழுவிக் கீழே விழும்."

"ஆமா."

"பேச்சு குழறும். நடை தடுமாறும்."

தலையாட்டிக்கொண்டே வந்த அஞ்சம்மாள் நிறுத்தினாள். "கடைசி வரி?"

மிருதுளா கடைசி வரிக்கு விரலை நகர்த்தினாள். "பார்க்கிறவங்க இதைக் குடிபோதைன்னு தப்பா நினைக்கலாம். உடனே நரம்பு டாக்டர்கிட்ட அனுப்புங்க."

அஞ்சம்மாள் பேனரையும் மிருதுளாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை; வெறும் திகைப்பு.

"அப்போ அவரு வாளியக் கீழ போட்ட அன்னிக்கு," என்றாள் மெதுவாக, "இது அவரு தலைக்கு மேலயேவா தொங்கிக்கினு இருந்துச்சு?"