அரைக் கிலோ ஹைட்ரஜன்

துல்கர்னைன் விற்க வந்த சரக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, வாங்க ஆளும் இல்லை.

வீரகேரளம்புதூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு கம்பெனி சோதனை ஆலை போட்டிருந்தது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற ஆலை. ஷார்ஜாவில் வெகுகாலம் கேஸ் விற்பனை பார்த்தவர், சொந்த ஊரும் தென்காசி என்பதால் விற்பனைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். மனைவி ரஹ்மத்தையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு, “ஆலை நிலைச்சதும் உங்களக் கூப்பிட்டுக்கிடுதேன்” என்று முன்னால் வந்தவர் அவர். வளைகுடாச் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீட்டில் படுக்கையறைகள் பூட்டியே கிடந்தன. அவர் ஹாலில் ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். டி.வி.யை மட்டும் அணைப்பதில்லை.

விலைதான் எங்கே போனாலும் காலை வாரியது. ஆடிக் காற்றில் மின்சாரம் மலிவு. ஆனால் அந்தச் சில மாதங்கள் மட்டும் ஓட்டினால் எந்திரத்துக்குப் போட்ட முதல் திரும்பாது. வருடம் முழுக்க ஓட்டினாலோ, காற்று ஓய்ந்த மாதங்களில் விலை கொடுத்து மின்சாரம் வாங்கவேண்டும். இப்படிப் பார்த்தாலும் அப்படிப் பார்த்தாலும் சரக்கின் விலை ஏறித்தான் நின்றது. உரத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் அதிகாரி காப்பி வாங்கிக் கொடுத்து, மரியாதையாகவே சொன்னார்.

“எரிவாயுல இருந்து எடுக்கது எங்களுக்குப் பாதி விலைக்குக் கிடைக்கி. பசுமைன்னு பேர் வச்சதுக்காக ரெட்டிப்பா குடுத்தா, எங்க முதலாளி என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு அண்ணாச்சி.”

அவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஒரு மதியம் புளியரைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, செங்கோட்டைக்குச் சற்று முன்னால் ஒரு லாரியிலிருந்து சிவப்பு சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். சிவப்பு என்றால் ஹைட்ரஜன். இந்தப் பக்கத்தில் அதை யார் வாங்குகிறார்கள்? வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போனார்.

ஊசி மருந்து அடைக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகள் செய்யும் கம்பெனி அது. நடத்துகிறவள் ரூபி, ஐம்பது வயதிருக்கும், கையில் பழைய தீக்காயத் தழும்புகள். அவர் தான் இன்னார் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிலிண்டரைக் காலால் தட்டிக் காட்டினாள்.

“இத ஒத்தக் கையால தூக்க முடியுமா பாய்? அம்பது கிலோ இரும்பு. உள்ள இருக்க கேஸ் அரைக் கிலோதான். கேஸுக்கா நான் துட்டு குடுக்கேன்? இரும்பு கொச்சியில இருந்து வந்துட்டுப் போறதுக்குல்லா குடுக்கேன்! மழையில மண்ணு சரிஞ்சு ரோட்ட அடச்சிட்டுன்னா அதுவும் வராது. இருபது பொம்பளையளும் சும்மா உக்காந்திருக்கணும்.”

“எதுக்கு மேடம் உபயோகிக்கிய?”

“இதக் கொளுத்தி, அந்தச் சுடர்ல கண்ணாடிய உருக்கித்தான் குப்பி செய்யுதோம். அதுக்கு ஆக்சிஜனும் வேணும். அது இன்னொரு லாரி.”

துல்கர்னைனுக்குத் தங்கள் ஆலை நினைவுக்கு வந்தது. ஆலையில் தண்ணீரைப் பிரிக்கும்போது ஹைட்ரஜனோடு ஆக்சிஜனும் வரும். வாங்க ஆளில்லை என்று அதைக் குழாய் வழியாக வானத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலையில் இருக்கிற சின்ன எந்திரத்தை இங்கேயே கொண்டுவந்து வைத்தால் லாரி வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், இரண்டு வாயுவும் வீணாகாது. உரக்காரருக்குக் கொள்ளை விலையாகத் தெரிந்தது ரூபிக்கு இப்போது கொடுப்பதைவிடக் குறைவாக வரும். இத்தனை நாள் பெரிய வாசல்களையே தட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கணக்கைப் போட்டுச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். மேலாளர் பால்வண்ணநாதன் நேரிலேயே வந்தார்.

“கணக்கு அருமையா இருக்கு. ஆனா இப்படி ஒரு கம்பெனிய வச்சு ஆலை நடத்த முடியாது. பெரிய எந்திரங்களத் துறைமுகத்துக்கு மாத்துறோம், வாங்குறவங்க பக்கத்துலயே. நீங்களும் வந்திருங்க.”

“அப்போ அந்தச் சின்ன எந்திரம்?”

“பழசு. இரும்பு விலைக்குத்தான் போகும்.”

“அத ரூபி மேடத்துக்கு வாடகைக்குக் குடுங்க சார். நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன்.”

“சம்பளம் குறையும்.”

“குறையட்டும்.”

அன்று இரவு போனில் ரஹ்மத்திடம் விவரம் சொன்னார்.

“பிள்ளைக்கு அடுத்த வருசம் பிளஸ் டூ. அவ நடுவுல வரமாட்டா. அதுக்குப் பெறகு காலேஜும் இங்கனதான்னு சொல்லுதா. நான் அவள விட்டுட்டு எப்படி வர? பேசாம நீங்க இங்க வந்திருங்களேன்.”

“வந்தா இத யாரு பாப்பா?”

“ஒரு எந்திரத்துக்காகவா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் தூங்கிவிட்டாளா என்று மட்டும் கேட்டார்.

சாரல் தொடங்கிய வாரத்தில் எந்திரம் ரூபியின் கம்பெனியில் ஓடத் தொடங்கியது. முதல் நாள் சுடர் சரியாக நிற்காமல் படபடத்தது. வாயுவில் ஈரம் கலந்திருந்தது. உலர்த்தும் பகுதியை மாற்றி மறுபடி விட்டதும் கத்திபோல நேராக நின்றது. வேலை செய்யும் பெண்கள் கைதட்டினார்கள். ரூபி சூடாக இருந்த ஒரு குப்பியை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“கொள்ளாம், நல்லாருக்கு! இனி கொச்சிக்காரன்கிட்ட கெஞ்ச வேண்டாம் பாய்,” என்றாள். பிறகு பேத்தியை டியூஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பிப் போனாள்.

துல்கர்னைன் ரஹ்மத்துக்குப் போன் செய்தார். “நல்லது, நல்லது. இங்க டாக்டர்கிட்ட நிக்கேன், அப்புறம் பேசுதேன்” என்று வைத்துவிட்டாள். யாருக்கு என்ன என்று கேட்க மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. “பல்லு வலி. பயப்படாதீங்க” என்று பிறகு ஒரு செய்தி வந்தது.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் குற்றாலம் ஐந்தருவிக்கு வண்டியை விட்டார். சீசன் கூட்டம். தனியாக நிற்பவரைப் பார்த்ததும் ஒரு குடும்பம் செருப்பு, செல்போன், மாற்று உடை எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு அருவிக்குள் ஓடியது. அவர்கள் வந்து வாங்கிக்கொண்டதும் இன்னொரு குடும்பம். குளிர்ந்த நீர் தெறிக்கத் தெறிக்க, அடுத்தவர் துணிகள் நனையாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நின்றார்.

“நீங்க குளிக்கலையா அண்ணாச்சி?” என்றான் துணிகளை வாங்கிக்கொண்டவன். “குடுங்க, உங்க சட்டைய நான் வச்சிருக்கேன்.”

துல்கர்னைன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். தண்ணீர் தலையில் விழுந்ததும் காது அடைத்தது. பக்கத்தில் நிற்பவர்களின் கூச்சல்கூடக் கேட்கவில்லை. “சுடர் நேரா நின்னுச்சு ரஹ்மத்து, ஒரு ஆட்டம் இல்ல” என்று அந்த இரைச்சலுக்குள் சத்தமாகவே சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர் முதுகைத் தள்ளும்வரை அங்கேயே நின்றார்.